ஒரே ஸ்கேஃபோல்டுக்கு இரண்டு ஆய்வகங்களில் இரண்டு விதமான முடிவுகள்: எந்தச் சோதனைக்கு எத்தகைய வசதியை நாடுவது?

கேள்வி: தேன்கூடு

அனைவருக்கும் வணக்கம். எலும்பில் ஏற்படும் குழிகளை நிரப்பப் பயன்படும் நுண்துளைச் சாரம் ஒன்றை, அதாவது நாம் வழக்கமாக ஸ்கேஃபோல்ட் என்று சொல்வதை, என் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கி வருகிறேன். கைட்டோசானை (இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் பாலிமர்) நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, அதனுடன் ஜெலட்டினையும் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற எலும்புக் கனிமத் தூளையும் சேர்த்து, குளூட்டரால்டிஹைடால் குறுக்கிணைப்புச் செய்து (அதாவது பாலிமர்ச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து), உறைய வைத்து உலர்த்தி எடுக்கிறேன். எங்கள் துறையில் எஸ்இஎம் (மின்னணு நுண்ணோக்கி), எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலைமானி), எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்புவிளைவுமானி) ஆகிய மூன்று கருவிகள் மட்டுமே இருக்கின்றன. அமுக்கச் சோதனைக்கும் செல் சோதனைக்கும் மாதிரிகளை வெளியே அனுப்பியாக வேண்டும்.

ஒரே தொகுதியில் செய்த மாதிரிகளை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினேன். அமுக்கத்தில் மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) முதல் ஆய்வகத்தில் 1.9 மெகாபாஸ்கல் என்றும், இரண்டாவதில் 85 கிலோபாஸ்கல் என்றும் வந்திருக்கிறது. எம்டிடி என்ற நிறமாற்றச் சோதனையில் செல்களின் உயிர்ப்பு முதல் ஆய்வகத்தில் 108 விழுக்காடு, இரண்டாவதில் 62 விழுக்காடு. மாதிரிகள் அனைத்தும் 10 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உருளைகள். முதல் ஆய்வகத்தில் கருவிகள் அதிகம், அறிக்கையும் பல பக்கங்கள் கொண்டது. இரண்டாவது ஒரு சிறிய பல்கலைக்கழக ஆய்வகம். எதை நம்புவது? இனிமேல் மாதிரிகளை அனுப்பும்போது ஓர் ஆய்வகத்தின் தகுதியை எதை வைத்து முடிவு செய்வது? எஃப்டிஐஆர் வரைபடத்தில் 1640 செமீ⁻¹ அலைஎண் அருகே தெரியும் முகட்டைக் குறுக்கிணைப்பு நிகழ்ந்ததற்குச் சான்றாகக் காட்ட எண்ணியிருக்கிறேன். அது சரிதானா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: பளுமானி

வணக்கம். இயந்திரவியல் எண்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். செல் சோதனையைப் பற்றி அதில் பழகியவர்கள் சொல்வதே முறை.

முதலில் இரண்டு ஆய்வகங்களிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மாதிரி உலர்ந்த நிலையில் சோதிக்கப்பட்டதா, அல்லது 37 டிகிரி பிபிஎஸ் கரைசலில் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) ஊறிய பிறகு ஈரமாகவே சோதிக்கப்பட்டதா? கைட்டோசானும் ஜெலட்டினும் நீரை ஏராளமாக உறிஞ்சும். நீர் புகுந்தவுடன் பாலிமர்ச் சங்கிலிகள் எளிதில் நழுவத் தொடங்கிவிடும். ஆகவே உலர்ந்த மாதிரிக்கும் ஈர மாதிரிக்கும் இடையே இருபது மடங்கு வேறுபாடு வருவது வியப்புக்குரியதன்று. உடலுக்குள் செல்லும் பொருள் ஒருபோதும் உலர்ந்திருக்கப் போவதில்லை என்பதால், ஈர நிலையில் எடுத்த எண்ணே உங்கள் கட்டுரையில் முதலிடம் பெற வேண்டும். 1.9 மெகாபாஸ்கல் என்பது பார்வைக்கு அழகான எண்தான். ஆனாலும் அதை முன்னிறுத்தினால் உங்கள் பொருளைப் பற்றி நீங்களே தவறான செய்தியைச் சொன்னவராவீர்கள்.

அடுத்ததாக லோடு செல், அதாவது விசையை அளக்கும் உணரி. இதைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதுமே வருத்தம் தரும் செய்தி. உங்கள் உருளையின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர மில்லிமீட்டர். மீள்மைக் குணகம் 85 கிலோபாஸ்கல் என்று கொண்டால், 10 விழுக்காடு திரிபில் (உயரம் பத்தில் ஒரு பங்கு குறையும்போது) மாதிரி எதிர்க்கும் விசை சுமார் 0.67 நியூட்டன் மட்டுமே. உலர்ந்த மாதிரியின் 1.9 மெகாபாஸ்கலுக்குக்கூட அதே திரிபில் விசை 15 நியூட்டனை எட்டுவதில்லை. பெரிய ஆய்வகங்களின் யூடிஎம் எனும் பொதுச் சோதனை இயந்திரங்களில் உலோகங்களுக்கென 5 கிலோநியூட்டன் அல்லது அதற்கும் மேற்பட்ட லோடு செல்லையே நிரந்தரமாகப் பொருத்தி வைத்திருப்பார்கள். அதன் முழுக் கொள்ளளவில் நூறில் ஒரு பங்கு என்பதே 50 நியூட்டன். அதற்குக் கீழே அந்தக் கருவி காட்டும் அளவுகளுக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் பெரும்பாலும் பொறுப்பேற்பதில்லை. முதல் ஆய்வகம் அத்தகைய லோடு செல்லைப் பயன்படுத்தியிருந்தால், மாதிரி உலர்ந்திருந்தது என்ற குறையோடு அந்த எண்ணையே ஐயத்துடன் பார்க்க வேண்டிய குறையும் சேர்ந்துவிடும். உங்களுக்குத் தேவையானது 10 நியூட்டன் லோடு செல்லும், மாதிரியை 37 டிகிரி நீர்மத்தில் மூழ்க வைத்தே அமுக்கக்கூடிய தொட்டியும் உள்ள ஆய்வகம். அது சிறியதாக இருந்தால் ஒன்றும் குறைவில்லை.

அறிக்கையோடு தகைவு-திரிபு வளைவின் மூலத் தரவையும் கேட்டு வாங்குங்கள். நுண்துளைப் பொருளின் அமுக்க வளைவில் தொடக்கத்தில் ஒரு தளர்ந்த வால், பிறகு நேர்கோட்டுப் பகுதி, அதன்பின் துளைச்சுவர்கள் மடங்கும் சமதளம், இறுதியில் துளைகள் அனைத்தும் நசுங்கிச் செங்குத்தாக ஏறும் பகுதி என்று நான்கு கட்டங்கள் தெரியும். இவற்றுள் எந்தப் பகுதியின் சரிவை எடுத்தார்கள் என்பதைச் சொல்லாத குணகத்துக்கு மதிப்பில்லை. உருளையின் இரு முகங்களும் இணையாக வெட்டப்படாவிட்டால் அந்தத் தளர்ந்த வால் நீண்டு, குணகத்தைக் குறைத்துக் காட்டிவிடும். அது ஆய்வகத்தின் பிழையாகாது, மாதிரியைச் செய்தவரின் பிழையே ஆகும்.

மறுமொழி 2: செல்லறை

தேன்கூடு அவர்களுக்கு வணக்கம். இரண்டு ஆய்வகங்களும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கக்கூடும்.

மருத்துவக் கருவிகளின் உயிரிணக்கத்தைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 10993 தொகுப்பின் 5ஆம் பகுதி செல் நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கு, பொருளிலிருந்து பிரித்தெடுத்த சாற்றைக் கொண்டு சோதிப்பது, பொருளையே செல்களின் மீது வைத்துச் சோதிப்பது, அகர் போன்ற தடுப்பின் வழியாக மறைமுகமாகச் சோதிப்பது ஆகிய வழிகளைத் தருகிறது. உயிர்ப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அது நச்சு விளைவாகக் கருதப்படும். அந்தக் கணக்கில் உங்கள் 62 விழுக்காடு தேறவில்லை, 108 விழுக்காடு தேறியிருக்கிறது. முதல் ஆய்வகம் சாற்றை நீர்க்கச் செய்து சோதித்திருக்கலாம். இரண்டாவது ஆய்வகம் பொருளையே நேரடியாக வைத்திருக்கலாம். சாற்றுச் சோதனையாக இருந்தால், நீர்க்காத முழுச் சாற்றுக்கான எண் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். நீர்த்த சாற்றின் எண் மட்டும் இருந்தால் அந்த அறிக்கை முழுமையானதன்று.

சாறு எடுக்கும் விகிதத்துக்கு வேறு ஒரு பகுதி, 12ஆம் பகுதி, வழிகாட்டுகிறது. அடர்த்தி குறைந்த நுண்துளைப் பொருளுக்கு மில்லிலிட்டருக்கு 0.1 கிராம் என்பது பொதுவான அளவு. ஆனால் உங்கள் ஸ்கேஃபோல்ட் தன் எடையைப் போலப் பல மடங்கு ஊடகத்தை (செல்களை வளர்க்கும் நீர்மத்தை) முதலிலேயே குடித்துவிடும். அது எவ்வளவு குடிக்கும் என்பதைத் தனியே அளந்து, அந்த அளவு ஊடகத்தைக் கூடுதலாகச் சேர்த்த பிறகே விகிதத்தைக் கணக்கிட வேண்டும். இதைச் செய்யாத ஆய்வகத்தில் செல்களின் மீது ஊற்றுவதற்குச் சாறே எஞ்சாமல் போகும். உடனே ஊடகத்தை மேலும் ஊற்றிச் சமாளிப்பார்கள். விகிதம் தெரியாத ஒரு நீர்த்த கரைசல்தான் இறுதியில் சோதிக்கப்படும்.

62 விழுக்காடு வந்ததற்கு உங்கள் பொருளிலேயே இரண்டு காரணங்கள் இருக்க வாய்ப்புண்டு. ஒன்று, வினையில் பங்கு பெறாமல் உள்ளே தங்கிவிட்ட குளூட்டரால்டிஹைடு. அதைக் கிளைசின் கரைசலில் ஊற வைத்துச் செயலிழக்கச் செய்து, பலமுறை கழுவ வேண்டும். மற்றொன்று, நடுநிலையாக்கப்படாமல் எஞ்சியிருக்கும் அசெட்டிக் அமிலம். இதைக் கண்டறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஃபீனால் ரெட் என்ற அமிலங்காட்டிச் சாயம் கலந்த சிவந்த ஊடகத்தில் மாதிரியைப் போட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். ஊடகம் மஞ்சளாக மாறினால் உங்கள் செல்கள் அமிலத்தால் துன்புற்றிருக்கின்றன என்று பொருள். நீர்த்த சோடியம் ஹைட்ராக்ஸைடில் நடுநிலையாக்கிக் கழுவிய மாதிரியை மீண்டும் அனுப்பிப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒரு காரணம் சோதனை முறையைச் சார்ந்தது. எம்டிடி சோதனையில் உருவாகும் ஊதா நிற ஃபார்மசான் படிகங்கள் ஸ்கேஃபோல்டின் துளைகளுக்குள் சிக்கிக்கொண்டு முழுமையாகக் கரையாமல் போவதுண்டு. அப்போது செல்கள் உயிருடன் இருந்தும் எண் குறைந்துவிடும். ஸ்கேஃபோல்டின் மீது செல்களை வளர்க்கும் சோதனைகளுக்கு எம்டிடியை மட்டும் நம்பாமல், டிஎன்ஏ அளவைக் கணிக்கும் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயிருள்ள செல்களைப் பச்சையாகவும் இறந்தவற்றைச் சிவப்பாகவும் காட்டும் சாயங்களைப் பலரும் பரிந்துரைப்பார்கள். குளூட்டரால்டிஹைடால் இணைந்த ஜெலட்டினும் கைட்டோசானும் தாமாகவே பச்சை ஒளிரும் என்பதால், செல்களே இடாத வெறும் ஸ்கேஃபோல்டை அதே அமைப்பில் முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால், பொருளின் ஒளியையே செல்களின் உயிர்ப்பாக எண்ணி மகிழ்ந்துவிடக்கூடும்.

ஒரு செல் ஆய்வகத்தின் தரத்தை நான் அறிய விரும்பினால், அதன் கருவிப் பட்டியலைக் கேட்பதில்லை. செல்களின் கடைசி மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்புகளில் தொற்றும் நுண்ணிய பாக்டீரியா) சோதனை எப்போது நடந்தது, பயன்படுத்திய செல்கள் எத்தனையாவது முறை பிரித்து வளர்க்கப்பட்டவை, நேர்க் கட்டுப்பாடாகவும் எதிர்க் கட்டுப்பாடாகவும் ஒப்பீட்டுக்கு எந்தப் பொருள்களை வைத்தார்கள் என்று மூன்றை மட்டும் கேட்பேன். நச்சில்லாக் கட்டுப்பாட்டுக்கு உயரடர்த்திப் பாலிஎத்திலீனும், நச்சுக் கட்டுப்பாட்டுக்கு உரிய மேற்கோள் பொருளும் வைக்காத அறிக்கையில் உள்ள 108 விழுக்காடு எதை ஒப்பிட்டு வந்தது என்பதை யாராலும் சொல்ல இயலாது.

மறுமொழி 3: இரண்டாம் பார்வை

எஃப்டிஐஆர் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். 1640 அருகே நீங்கள் தேடுவது ஆல்டிஹைடும் அமீனும் இணைந்து உருவாகும் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் முகடு. ஆனால் ஜெலட்டினின் முதலாம் அமைடு முகடும், கைட்டோசானில் எஞ்சிய அசெட்டைல் குழுக்களின் அமைடு முகடும் 1650 அருகிலேயே அகலமாகப் படர்ந்து கிடக்கின்றன. ஈரமிருந்தால் நீரும் அங்கேயே உட்கவரும். அந்தக் கூட்டத்தில் உங்கள் பிணைப்பைத் தனியே பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். குறுக்கிணைப்புக்கு முன்னும் பின்னும் எஞ்சியிருக்கும் தனி அமீன் குழுக்களை நின்ஹைட்ரின் சோதனையால் அளந்து, எத்தனை விழுக்காடு செலவாயின என்று காட்டுங்கள். அதற்கு ஒரு சாதாரண யூவி-விசிபிள் நிறமாலைமானி போதும். அது உங்கள் துறைக்கு அருகிலேயே இருக்கும்.

எஸ்இஎம் படங்களில் அளந்த துளை அளவைப் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் பார்ப்பது உலர்ந்து சுருங்கிய, ஒரு பிளேடால் வெட்டப்பட்ட ஒரு முகத்தை மட்டுமே. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதே எலும்புச் செல்களுக்கும் இரத்த நாளங்களுக்கும் முக்கியமானது. அதை முப்பரிமாணத்தில் காட்டுவது மைக்ரோ-சிடி. உங்களிடம் ஹைட்ராக்ஸிஅபடைட் கலந்திருப்பதால் எக்ஸ் கதிரில் மாறுபாடு நன்றாகவே கிடைக்கும். வெறும் பாலிமராக இருந்தால் அந்த வசதி இருந்திருக்காது. பாதரசத் துளைமானி வைத்திருக்கும் ஆய்வகம் அதைப் பரிந்துரைத்தால் மென்மையாக மறுத்துவிடுங்கள். பாதரசத்தைத் துளைகளுக்குள் செலுத்தும் அழுத்தத்தில் உங்கள் மென்மையான சுவர்கள் நசுங்கி, இல்லாத துளைகளின் அளவே கிடைக்கும்.

மறுமொழி 4: ஆவணக்காப்பு

மேலே எழுதியவர்கள் சொன்னவற்றை ஏற்றுக்கொண்டு, அவர்கள் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் அனுப்பிய மாதிரி கிருமிநீக்கம் செய்யப்பட்டதா, எந்த முறையில் செய்யப்பட்டது என்பது கேள்வியில் எங்குமே இல்லை. ஐஎஸ்ஓ 10993 தொகுப்பு முழுவதும், நோயாளிக்குள் செல்லவிருக்கும் இறுதி வடிவத்தையே, கிருமிநீக்கத்துக்குப் பிறகு சோதிக்க வேண்டும் என்ற எண்ணத்தின் மீது கட்டப்பட்டது. வழக்கமான 25 கிலோகிரே காமாக் கதிர் கைட்டோசானின் சங்கிலிகளை வெட்டி மூலக்கூறு எடையைக் குறைக்கும். எத்திலீன் ஆக்ஸைடைப் பயன்படுத்தினால் எஞ்சும் வாயு முழுமையாக வெளியேறக் காலம் கொடுக்க வேண்டும். எஞ்சும் அளவுக்கான வரம்புகளைத் தொகுப்பின் 7ஆம் பகுதி சொல்கிறது. ஆகவே இரண்டு ஆய்வகங்கள் தத்தம் வசதிக்கேற்ப வெவ்வேறு முறையில் கிருமிநீக்கம் செய்திருந்தால், அவை சோதித்தவை ஒரே பொருளே அல்ல.

எண்டோடாக்ஸின் (பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும், காய்ச்சலை உண்டாக்கும் நச்சு) சோதனையையும் மறந்துவிடாதீர்கள். இயற்கையிலிருந்து பெறும் கைட்டோசானும் ஜெலட்டினும் இதில் தொல்லை தருபவை. மருத்துவக் கருவிகளுக்கான பொதுவான வரம்பு ஒரு கருவிக்கு 20 எண்டோடாக்ஸின் அலகுகள். நேர்மின்னூட்டமுள்ள கைட்டோசான் எண்டோடாக்ஸினைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொண்டு அதை அளக்கும் எல்ஏஎல் சோதனையில் மறைத்துவிடக்கூடும் என்பதால், தெரிந்த அளவு எண்டோடாக்ஸினைச் சேர்த்து, அதில் 50 முதல் 200 விழுக்காட்டுக்குள் திரும்பக் கிடைக்கிறதா என்று காட்டும் ஆய்வகத்தையே நாடுங்கள்.

அங்கீகாரத்தைப் பொறுத்தவரை, சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் ஓர் ஆய்வகத்துக்கு ஒட்டுமொத்தமாகத் தரப்படுவதில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே வரம்பு வரையறுக்கப்படும். சுவரில் சான்றிதழ் தொங்குகிறது என்பதால் உங்கள் சோதனை அதற்குள் அடங்கும் என்று கொள்ளாமல், வரம்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் கருத்தில், செல் நச்சுச் சோதனையை இப்போதே ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) முறையில் இயங்கும் ஆய்வகத்தில் செய்துவிடுவது நல்லது.

மறுமொழி 5: செல்லறை

கடைசி வரியில் மட்டும் நான் உடன்படவில்லை. தேன்கூடு அவர்களின் பொருள் இன்னும் கழுவும் முறைகூட உறுதியாகாத நிலையில் இருக்கிறது. இன்று ஜிஎல்பி அறிக்கை வாங்கினால், அடுத்த மாதம் கிளைசின் கழுவலைச் சேர்த்தவுடன் அது வேறொரு பொருளைப் பற்றிய அறிக்கையாகிவிடும். இப்போது தேவைப்படுவது, பக்கத்தில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் செல்களைக் காட்டி, எங்கே தவறுகிறது என்று பேசக்கூடிய ஓர் ஆய்வகம். செய்முறை உறுதியான பிறகு முறைப்படியான சோதனைக்குச் செல்லட்டும். கிருமிநீக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

மறுமொழி 6: தேன்கூடு

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு ஆய்வகங்களிடமும் கேட்டுவிட்டேன். முதல் ஆய்வகம் மாதிரியை வந்த நிலையிலேயே, உலர்ந்தவாறே, 5 கிலோநியூட்டன் லோடு செல்லில் சோதித்திருக்கிறது. செல் சோதனையில் அவர்கள் தந்தது நான்கு மடங்கு நீர்த்த சாற்றின் எண். இரண்டாவது ஆய்வகம் 24 மணி நேரம் பிபிஎஸ் கரைசலில் ஊற வைத்து, 10 நியூட்டன் லோடு செல்லில் சோதித்திருக்கிறது. செல் சோதனையை நேரடித் தொடுகையில் செய்திருக்கிறது. முதலாமவர் புற ஊதாக் கதிரிலும், இரண்டாமவர் எத்தனாலிலும் கிருமிநீக்கம் செய்தார்களாம். ஊடகத்தில் போட்டுப் பார்த்தேன். அரை மணி நேரத்துக்குள் மஞ்சளாகிவிட்டது. ஆகவே நடுநிலையாக்கலிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்.

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். சிதைவுச் சோதனையை எங்கள் துறையிலேயே பிபிஎஸ் கரைசலில் எட்டு வாரங்கள் வைத்து எடை இழப்பை அளந்து முடித்துவிடலாமா?

மறுமொழி 7: பளுமானி

துறையிலேயே செய்யலாம், ஆனால் பிபிஎஸ் மட்டும் போதாது. கைட்டோசானை உடலில் வெட்டுவது பெரும்பாலும் லைசோசைம் என்ற நொதியே. வெறும் பிபிஎஸ் கரைசலில் நீங்கள் காண்பது ஜெலட்டின் கரைந்து வெளியேறுவதையே ஒழிய, கைட்டோசானின் சிதைவை அன்று. லைசோசைம் சேர்த்த ஒரு வரிசையையும், சேர்க்காத ஒரு வரிசையையும் இணையாக வையுங்கள். நொதி நாளடைவில் வீரியம் இழப்பதால் கரைசலைச் சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பித்து, ஒவ்வொரு முறையும் அமிலக் காரச் சமநிலையைக் குறித்து வாருங்கள். எட்டு வாரங்களில் பூஞ்சையோ பாக்டீரியாவோ வந்துவிடாதிருக்க 0.02 விழுக்காடு சோடியம் அசைடு சேர்ப்பது வழக்கம். அந்த மாதிரிகளைப் பிறகு செல் சோதனைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எடை இழப்பு ஒன்றை மட்டும் அளப்பது உங்களை ஏமாற்றும். கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருந்தால், ஒரு பக்கம் பாலிமர் கரைந்துகொண்டிருக்கும்போதே மறுபக்கம் கனிமம் படிந்து எடையைக் கூட்டிவிடும். மாதிரி சிதையவே இல்லை என்பது போல் தோன்றும். கோகுபோ வகுத்த உடல்நீர் போலிக் கரைசலைப் பயன்படுத்துவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு துண்டை நன்கு கழுவி உலர்த்தி, சூடாக்கியபடியே எடை மாற்றத்தை அளக்கும் டிஜிஏ கருவியில் காற்றோட்டத்துடன் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கச் சொல்லுங்கள். பாலிமர் எரிந்து போக எஞ்சுவது ஏறத்தாழ முழுவதும் கனிமம்தான். அதைக் கழித்துப் பார்த்தால் பாலிமரில் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்பது தெரிந்துவிடும். அதே வாரங்களில் மூன்று உருளைகளை ஈரமாகவே எடுத்து 10 நியூட்டன் லோடு செல்லில் அமுக்கியும் பாருங்கள். பெரும்பாலும் எடை குறைவதற்கு முன்பே மீள்மைக் குணகம் குறையத் தொடங்கியிருக்கும்.